தண்ணி வர முதல் முடிக்க வேண்டிய வேலை

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரைப் பக்கம் காணி வைத்திருக்கிற ஆட்களுக்கு இப்போது ஒரு ஆசை தொற்றியிருக்கிறது. காணியின் ஒரு மூலையில் குளம் ஒன்றை வெட்டி மீன் விட்டால் என்ன என்று. அதைக் கேட்டு எனக்குப் போன் எடுக்கிறவர்கள் கூடிக்கொண்டே வருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக் களைத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன். மண் வெட்டுகிற பெக்கோ இயந்திரத்துக்கு மணித்தியாலத்துக்கு எவ்வளவு, மீன்குஞ்சு எங்கே வாங்கலாம், இந்த இரண்டையும்தான் எல்லாரும் கேட்கிறார்கள். குளத்துக்கு உள்ளே என்ன இருக்க வேண்டும் என்று ஒருவராவது கேட்டதில்லை. நான் வெட்டின காலத்தில் எனக்கும் அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை. ஒன்றரை ஏக்கர் தண்ணீர், பதினாலு இலட்சம் ரூபாய் செலவு, முதல் வருசம் வீட்டுக் கறிக்குக்கூட மீன் இல்லை.

காணி அம்மாவின் சீதனம், எனக்கு வந்தது. ஆயித்தியமலைக்கு அங்கால். மேட்டில் கச்சானும் (நிலக்கடலை) சோளமும் போடுவோம், கீழே கொஞ்சம் வயல். 2021 இல் இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தினார்களே, அந்தப் பெரும்போகத்தில் வயல் எங்களைக் கைவிட்டது. அடுத்த வருசம் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனது, உழுகிற கூலியே வரவில்லை. வீட்டுக்காரர் கட்டாரில். பிள்ளைகள் இரண்டும் பள்ளிக்கூடம். மேட்டுக்கும் வயலுக்கும் நடுவில் மாரியில் தண்ணி தேங்குகிற ஒரு பள்ளம் இருந்தது. அதை ஆழமாக்கிக் குளமாக்கினால் மீனும் ஆச்சு, கச்சானுக்குத் தண்ணியும் ஆச்சு என்று நினைத்தேன். நினைப்பில் பிழை இல்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன்.

முதலில் கடதாசி வேலை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயலாகப் பதிந்த காணியில் கை வைக்கிறதென்றால் 2000 ஆம் ஆண்டு 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கும். அனுமதி இல்லாமல் வயலை வேறு தேவைக்கு மாற்ற முடியாது. என்னுடைய பள்ளம் மேட்டுக்காணிக் கணக்கில் இருந்ததால் தப்பினேன். வெட்டுகிற மண்ணை விற்றுச் செலவில் பாதியை எடுக்கலாம் என்று சொல்லி வருகிற ஆட்களை நம்பாதீர்கள். மண்ணைக் காணிக்கு வெளியே ஏற்ற புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்தின் அனுமதி வேண்டும், இல்லாவிட்டால் உழவு இயந்திரம் பெட்டியோடு பொலிசில் நிற்கும். நான் மண் முழுவதையும் கீழ்ப்பக்கம் குளக்கட்டாகவே போட்டேன். வெட்ட முதல் மூன்று நான்கு இடத்தில் ஆளுயரக் கிடங்கு தோண்டி, தண்ணி நிரப்பி, ஒரு இரவு விட்டுப் பாருங்கள். விடிய எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை வைத்தே மண் தண்ணியைப் பிடிக்குமா விடுமா என்று தெரியும். எனக்குக் கீழே களி, ஆதலால் பிடித்தது.

2023 ஆவணியில், கச்சான் காற்று என்கிற தென்மேற்குக் காற்று அள்ளி எறிகிற நேரம், பெக்கோ இறங்கியது. பள்ளத்துக்குள் மருது நின்றது, நாவல் நின்றது, பழைய பாலைக் கட்டைகள் கிடந்தன. “அக்கா, அடி சுத்தமா இருந்தாத்தான் வலை இழுக்கலாம், எல்லாத்தையும் கிளப்பிப்போட்டுத் தாறன்” என்று ஓட்டுகிற தம்பி சொன்னான். பார்த்த எல்லாரும் அதையே சொன்னார்கள். கட்டை கிளப்புவதற்கு மட்டும் ஒரு இலட்சத்துக்கு மேல் தனியாகப் போனது. கிளப்பினதைக் கட்டின் ஓரத்தில் குவித்து எரித்தோம். அடி எட்டு அடி ஆழத்தில் ஒரே மட்டம், நாலு பக்கமும் நேர் சுவர். வெட்டி முடித்த அன்று மேலே நின்று பார்க்க விளையாட்டு மைதானம் மாதிரிக் கிடந்தது. எனக்கு அப்படி ஒரு சந்தோசம். அவருக்கு வீடியோ எடுத்து அனுப்பினேன்.

கார்த்திகை மழையோடு தண்ணி வந்தது. வந்த தண்ணி தெளியவே இல்லை. புதிதாக வெட்டின குளத்தில் களி கரைந்து மிதக்கும், அதன் துகள் அவ்வளவு சின்னதென்றால் மாசக் கணக்காக அடியில் படியாது. கலங்கல் தண்ணிக்குள் வெயில் இறங்காது. வெயில் இறங்காவிட்டால் பச்சைப்பாசி வராது, பாசி இல்லாவிட்டால் மீனுக்குத் தீனும் இல்லை, பகலில் தண்ணிக்குள் மூச்சுக்காற்று ஊறுவதும் இல்லை. இதைப் பார்க்க ஒரு செலவில்லாத வழி இருக்கிறது. வெள்ளைப் பீங்கான் கோப்பை ஒன்றை ஒரு கம்பில் கட்டி மெல்ல இறக்குங்கள். ஒரு முழம் வரைக்கும் தெரிந்து பிறகு பச்சைக்குள் மறைந்தால் நல்ல தண்ணி. நாலு விரல் இறங்க முதலே மண்ணிறத்துக்குள் மறைந்தால் குஞ்சு விட வேண்டாம். எனக்கு நாலு விரல்தான் தெரிந்தது. குஞ்சு கொண்டுவந்த ஆள் “அது போகப் போகச் சரியாகும்” என்றார்.

அவர் வந்தது தை மாதம். எக்டேயருக்கு இரண்டாயிரம் குஞ்சு என்ற அளவில்தான் தீன் போடாத குளங்களுக்கு விடுவது வழக்கம். அந்தக் கணக்குக்கு என் குளத்துக்கு ஆயிரத்து இருநூறு போதும். அந்த ஆள் நாலாயிரத்தைத் தலையில் கட்டினார், கட்லாவும் ரோகுவும் திலாப்பியாவும் கலந்து. பையைத் தண்ணியில் மிதக்கவிட்டு இரண்டு சூடும் ஒன்றாகும் வரைக்கும் ஒரு கால் மணித்தியாலமாவது பொறுக்க வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குளத்துத் தண்ணியைப் பைக்குள் கலக்க வேண்டும். எனக்கு இது பிறகுதான் தெரியும். அவருக்கு இன்னொரு இடத்துக்குப் போகிற அவசரம். உச்சி வெயிலில் பையை வெட்டி அப்படியே கொட்டிவிட்டுப் போய்விட்டார்.

தை மழை அந்தமுறை விடாமல் பெய்தது. தண்ணி வெட்டின எல்லையையும் தாண்டி மேல்பக்கத்துப் பற்றைக்குள் ஏறியது. அரை ஏக்கர் பச்சைப் பற்றை, புல்லு, சீமைக்கிளுவை எல்லாம் தண்ணிக்குள். பார்க்க வடிவாக இருந்தது, குளம் பெருத்துவிட்டதே என்று. ஒரு கிழமை கழிய அந்தப் பக்கம் தண்ணி கறுக்கத் தொடங்கியது, கிட்டப் போனால் கூழ்முட்டை மணம். பிறகு காற்றே இல்லாத மூடம், வெயிலையே காணவில்லை. அப்படி ஒரு விடியற்காலை குளக்கட்டுக்குப் போனேன். கரை நீளத்துக்கு மீன்கள் வாயை மட்டும் தண்ணிக்கு மேல் வைத்துத் திறந்து திறந்து மூடின. நான் காலடியில் நின்றும் ஓடவில்லை. சின்ன நண்டுகள் தண்ணியை விட்டு ஈர மண்ணில் ஏறி இருந்தன. வாளியால் அள்ளி ஊற்றினேன், பக்கத்து வளவில் மோட்டார் வாங்கி இழுத்து அடித்தேன். வெயில் ஏற முதல் முக்கால்வாசி வெள்ளை வயிற்றோடு மிதந்தது. இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டு வந்து தனியாகக் கடகத்தில் அள்ளிப் புதைத்தேன். அன்றைக்குக் கட்டாருக்குப் போன் எடுக்கவே இல்லை.

குஞ்சு தந்தவரைக் கேட்டால் மீனுக்கு ஏதோ வருத்தம், நோய் என்றார், மருந்து ஒன்றும் விற்கப் பார்த்தார். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா முறையான ஒரு மாமா இருக்கிறார், வயசான காலம் வரைக்கும் சேனநாயக்க சமுத்திரம் என்கிற பெரிய நீர்த்தேக்கத்தில் தோணி போட்டு மீன் பிடித்தவர். செய்தி கேட்டு வந்தவர் குளக்கட்டில் குந்தியிருந்து கொஞ்ச நேரம் பேசாமல் தண்ணியையே பார்த்தார். பிறகு கேட்டார், “விரால் செத்துக் கிடந்ததா புள்ள?” இல்லை என்றேன். மழைத்தண்ணியோடு தானாக வந்த விராலும் பனையேறியும் அப்போதும் துள்ளிக்கொண்டுதான் நின்றன. “வருத்தமெண்டா அதுகளும் போயிருக்கணும். அது ரெண்டும் மேல வந்து காத்துக் குடிக்கிற சாதி. மற்றதெல்லாம் மூச்சடைச்சுச் செத்திருக்கு. பச்சை அழுகினா தண்ணியில இருக்கிற காத்தை அதுதான் குடிக்கும் மனே.”

இதுதான் நடந்தது. இலை தழை அழுகுகிற வேலைக்குத் தண்ணியில் கரைந்திருக்கிற ஒட்சிசன் செலவாகும். பகலில் பாசி ஓரளவுக்குத் திருப்பிக் கொடுக்கும், இரவில் அதுவும் இல்லை, ஆதலால் விடியப் போகிற நேரம்தான் ஆகக் குறைவு. மூடமும் காற்றின்மையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். உங்கள் குளத்தில் விடியற்காலை மீன் மேலே வந்து வாயைத் திறந்தால் மருந்துக் கடைக்கு ஓடாதீர்கள், மோட்டாரைப் போட்டுக் குளத்துத் தண்ணியையே மேலே எறிந்து விழவிடுங்கள். வெயில் ஏறிய பிறகு மீன் கீழே போய்விட்டால் தீர்ந்தது என்று நினைத்துவிடவும் கூடாது, அடுத்த விடியலையும் பார்க்க வேண்டும்.

பங்குனியில் மறுபடியும் குஞ்சு விட்டேன், இந்தமுறை குறைவாக, பின்னேரம், பையை மிதக்கவிட்டு. பற்றை அழுகி முடிந்திருந்தது, தண்ணியும் பாதி தெளிந்திருந்தது. எல்லாம் சரி என்று இருக்க, நீர்க்காகம் வந்தது. முதலில் ஒன்றிரண்டு, பிறகு கூட்டமாக. வரிசையாக இறங்கி, மீனை ஒரு மூலைக்குத் துரத்தி, மாறி மாறி மூழ்கும். விரல் நீளக் குஞ்சு எங்கே போய் ஒளியும்? ஒரு இலட்சம் கொடுத்து ஒரு கட்டை மிச்சம் விடாமல் கிளப்பின அடி அல்லவா. சித்திரைக்குப் பிறகு வலை போட்டதில் விரால் மட்டும்தான் கொழுத்திருந்தது. அந்த வருசம் குஞ்சுக்கும் ஏற்றுக்கூலிக்கும் போன காசு எழுபதாயிரத்துக்கு மேல்.

மாமா அப்போதுதான் சமுத்திரத்தைப் பற்றிச் சொன்னார். 1949 இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் இங்கினியாகலையில் அணை கட்டித் தண்ணியைத் தேக்கியபோது காடு நின்ற நிலையிலேயே மூழ்கியது. பட்ட மரங்கள் இன்றைக்கும் தண்ணிக்கு மேல் தலை நீட்டிக்கொண்டு நிற்கின்றன, தோணியில் போனவர்கள் கண்டிருப்பீர்கள். “வலை கிழியும் எண்டு பயந்து கட்டைக்காட்டுக்குப் போகாதவன் வெறுங்கையோட வருவான்” என்றார். அவ்வளவு பெரிய நீர்த்தேக்கத்தில் பச்சை அழுகினால் அகலத் தண்ணியும் காற்றும் தாங்கும். ஒன்றரை ஏக்கர் தாங்காது. அதே மரத்தை வெட்டிக் காயவைத்துப் போட்டால் மீனுக்கு வீடு, பச்சையாகப் போட்டால் நஞ்சு.

2024 கச்சான் காற்றுக் காலத்தில் தண்ணி இறங்கினதும் வேலையைத் தொடங்கினோம். பெக்கோவை ஒரு நாளைக்கு மட்டும் திருப்பிக் கூப்பிட்டேன். நடுவுக்குக் கிட்ட ஒரு மடு, பன்னிரண்டு அடி. கோடையில் மற்ற இடம் வற்றினாலும் பெரிய மீன் நிற்க ஒரு இடம் வேண்டும். நேர் சுவராக இருந்த கரையைச் சரிவாக இழுத்துப் படி வைத்தோம். எங்கட பக்கத்துக் குளங்கள் மாசிக்கும் புரட்டாதிக்கும் இடையில் பல அடி இறங்கும். ஒரே மட்டத்தில் எல்லாவற்றையும் வைத்தால் ஆனியில் அது வெறும் தரையில் கிடக்கும். ஆகவே இரண்டரை அடியில் ஒரு படி, ஐந்து அடியில் ஒரு படி, பிறகு மடு. மேல் படியில் இரண்டு உழவு இயந்திரப் பெட்டி ஆற்றுமணல் கொட்டினோம். திலாப்பியாக் கிடாய் கரையோரத்து மென் தரையில் வட்டமாகக் குழி பறித்துத்தான் பெட்டையைக் கூப்பிடும். சரிவுக்கு இன்னொரு காரணம் பிள்ளைகள். நேர் சுவர்க் குளத்தில் தவறி விழுந்தால் ஏறிவர முடியாது.

மரம். காணிக்குள் தறித்த நாவல் கிளை, புளியங்கொப்பு, வேலியில் பட்டுப்போன பூவரசு எல்லாவற்றையும் இலை முழுக்கக் கொட்டும் வரைக்கும் வெயிலில் போட்டோம். காய்ந்த மரம் மிதக்கும், இதை ஒருவரும் சொல்வதில்லை. தண்ணி வந்த பிறகு உங்கள் கொப்புக்கட்டு முழுவதும் வான் பக்கம், அதாவது கூடின தண்ணி வழிந்து போகிற பக்கம் போய் அடைக்கும். ஆகவே தரை ஈரமாக இருக்கும்போதே முளை அடித்து, நைலோன் கயிற்றால் இறுக்கி, சீமெந்துக் கல்லை அடியில் கட்டினோம். தும்புக்கயிறு ஒரு மாரிக்குள் உக்கிவிடும். தென்னோலையும் அப்படித்தான், போட்டுப் பிரயோசனம் இல்லை. விழுந்த தென்னங்குற்றி நல்லது, உள்சோறு உக்கினதும் குழாயாகும், கெளுத்தி அதற்குள் படுக்கும். பனை வெட்ட நினைத்தால் அனுமதி எடுக்க வேண்டும், ஆதலால் நான் தொடவில்லை. உடைந்த சீமெந்துக் குழாய், பழைய ஓடு சரி. ரயர் வேண்டாம், அஸ்பெஸ்டஸ் வேண்டாம், பழைய வலையைக் கட்டக் கயிறாகப் பாவிக்கவே வேண்டாம், மீன் சிக்கி அங்கேயே சாகும்.

கட்டுகிற விதத்திலும் விசயம் இருக்கிறது. குஞ்சுக்கு மெல்லிய கொப்பு, கை நுழையாத இடைவெளியில், ஆழம் குறைந்த படியில். நீர்க்காகம் உள்ளே போக முடியாது. பெரிய மீனுக்குச் சாண் அகல இடைவெளியோடு தடித்த கிளை, மடுவின் விளிம்பில், நிமிர்த்தி. எல்லாவற்றையும் ஒரு இடத்தில் குவிக்காமல் பிரித்து வைத்தோம். குளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் நான் அடைக்கவில்லை, தண்ணி திறந்துவிடுகிற துருசடியில் ஒன்றும் வைக்கவில்லை, வலை இழுக்க நடுவால் ஒரு பாதை விட்டேன். எந்தக் கொப்புக்கட்டு எங்கே என்று குளக்கட்டில் வெள்ளைக் கல் வைத்து, போனில் படமும் எடுத்து வைத்தேன். தண்ணி ஏறிய பிறகு ஒருவருக்கும் நினைவு வராது. மேல்பக்கத்துப் பற்றையை முன்கூட்டியே வெட்டி வெளியே எடுத்தோம். இவ்வளவுக்கும் பெக்கோவோடு சேர்த்துத் தொண்ணூறாயிரம். தண்ணி வந்த பிறகு செய்ய நினைத்திருந்தால் இதில் ஒன்றையும் செய்திருக்க முடியாது.

தாமரை வளருங்கள் என்று சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தாமரை இரண்டு வருசத்தில் குளத்தையே மூடும், ஒரு மூலைக்குள் நிற்கச் சொன்னால் கேட்காது. மிதக்கிற களைகளான ஆற்றுவாழையும் (ஆகாயத்தாமரை) சல்வீனியாவும் அதைவிட மோசம், மீன்குஞ்சுப் பையோடும் இரவல் வலையோடும் ஒட்டிக்கொண்டு வரும். 1909 இலேயே ஆற்றுவாழைக்கு எதிராகச் சட்டம் போட்ட நாடு இது, இன்னும் ஒழிந்தபாடில்லை. இரவல் வலையைக் காயவைக்காமல் குளத்துக்குள் இறக்காதீர்கள்.

2024 கார்த்திகைக் கடைசியில் வந்த வெள்ளத்தை மட்டக்களப்பு, அம்பாறை ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மீன் போய்விடக் கூடாது என்று வானில் நெருக்கமான வலை கட்டியிருந்தேன், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அந்த இரவு சருகும் கொப்பும் வந்து வலையை அடைத்துவிட்டது. தண்ணி வெளியேற வழியில்லாமல் கட்டின் தலைக்கு ஒரு சாண் குறைய நின்றது. கட்டு உடைந்தால் கீழே மற்ற ஆட்களின் வயல். ரோச்சை வாயில் கவ்விக்கொண்டு இடுப்பளவு தண்ணியில் நின்று வெற்றிலைக் கத்தியால் வலையை அறுத்தேன். வலை அறுந்ததுமே மீன்கள் காலில் அடித்துக்கொண்டு போனது தெரிந்தது. வானில் வலை கட்டாதீர்கள். அரை அங்குல இடைவெளியில் இரும்புக் கம்பி, வானைவிட இரண்டு மடங்கு அகலத்துக்கு, சரிவாக. குப்பை மேலே ஏறி ஒதுங்கும், தண்ணி கீழால் போகும்.

வெள்ளம் வடிந்த பிறகு ஒன்றும் மிச்சமில்லை என்றுதான் நினைத்தேன். மடு விளிம்பில் தூண்டில் போட்டுப் பார்த்த மாமா, முதல் அரை மணித்தியாலத்திலேயே ரோகு தூக்கினார். பெருவாரியானது போகாமல் கட்டைகளுக்குள் அடங்கி நின்றிருக்கிறது. 2025 தையில் ஆயிரத்து இருநூறு குஞ்சை மட்டும் விட்டேன். கட்லாவும் ரோகுவும் நிற்கிற தண்ணியில் முட்டை போடாது, ஒவ்வொரு வருசமும் வாங்கித்தான் விட வேண்டும், இதையும் கணக்கில் வையுங்கள். ஆவணியில் வலை இழுத்ததில் முந்நூறு கிலோவுக்குச் சற்றுக் குறைய. கிலோ ஐந்நூறு ரூபாய்ப்படி குளக்கட்டிலேயே விற்றுப்போனது. போட்ட பதினாலு இலட்சத்துக்கு இது எத்தனை வருசக் கணக்கு என்று நீங்களே பிரித்துப் பாருங்கள். யாராவது இலட்சாதிபதி ஆகலாம் என்று சொன்னால் என்னிடம் அனுப்புங்கள்.

மறைவிடம் கூடினதில் ஒரு வினையும் வந்தது. திலாப்பியா குஞ்சுகள் எல்லாம் தப்பிப் பெருகி, இப்போது உள்ளங்கை அளவுக்கு மேல் வளராமல் நிற்கிறது. விராலைப் பிடிக்காமல் விட்டிருக்கிறேன், அது தின்று குறைக்கும். இரவில் களவாக வலை போடுகிறவர்கள் இரண்டு தரம் வலையைக் கட்டையில் கிழித்துப் போட்டுவிட்டு ஓடினார்கள். அந்தக் கிழிசலை மறுநாளே இறங்கி எடுத்துவிட வேண்டும், ஆள் இல்லாத வலையும் மீனைக் கொல்லும். யானை வந்து குளக்கட்டை மிதிப்பதற்கு வேலிக்கு மேல் வழியில்லை, அது எங்கட ஊர் முழுவதுக்கும் உள்ள பாடு. நீர்நாய்தான் எனக்கு இன்னும் பிடிபடாத ஆள். இரவில் வருகிறது, மேல் படியில் மீன் தலைகளையும் செதிலையும் விட்டுப் போகிறது, கொப்புக்கட்டு அதற்கு ஒரு தடையே இல்லை. பொறி வையுங்கள் என்று மட்டும் சொல்லாதீர்கள், பாதுகாக்கப்பட்ட விலங்கு அது. வேறு வழி கண்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள், மழைக்கு முதல் செய்து பார்க்கிறேன்.